சீல் உடையாத பெட்டி

பளீல் ஹாஜியாருக்கு ஓர் ஆசை வந்திருந்தது. அலவத்துகொடையில் கட்டப்போகும் தன் புது வீட்டுக்குள், கட்டுவதற்கு முன்பே ஒருதடவை நடந்து பார்த்துவிட வேண்டும். கொழும்பில் மச்சினனுக்கு யாரோ கொம்பியூட்டரில் அப்படிச் செய்து காட்டினார்களாம். வாசலால் உள்ளே போய், படி ஏறி, பல்கனியில் நின்று கீழே எட்டிக்கூடப் பார்க்கலாமாம்.

"எனக்கும் அப்படிச் செஞ்சு தாங்க மிஸ். இன்னும் ரெண்டு கெழமயில, வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு வாறேன். ஏலாட்டி இப்பவே சொல்லுங்க, டவுன்ல ஒரு கம்பனி ஈக்கிது, அவங்க செய்வாங்களாம்" என்றார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

லீலாதேவி ஏலும், செய்து தர முடியும் என்று சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருடம் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்துவிட்டு, போன தை மாதம்தான் வேலையை விட்டிருந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, கலகெதர வீதியில் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் மேசையைப் போட்டுச் சொந்தமாகப் படம் கீறத் தொடங்கி எட்டு மாதமாகிறது. இதுவரைக்கும் வந்ததெல்லாம் மதிலும் கராஜும் கழிப்பறையும்தான். ஒரு முழு வீடு என்று வந்தது இதுதான் முதல். இதுவும் கைநழுவினால் திரும்ப யாரோ ஒருவரின் கந்தோருக்குப் போய், யாரோ ஒருவரின் கையெழுத்துக்குக் கீழே கோடு கீற வேண்டியதுதான். அதற்கு அவளுக்குத் துளியும் மனமில்லை.

படம் எப்போதோ முடிந்துவிட்டது. அடம்பிடித்தது கொம்பியூட்டர்தான். வீட்டைத் திரையில் கொஞ்சம் திருப்பினால் முதலில் கூரை மட்டும் வரும். எழும்பிப் போய் உலை வைத்துவிட்டு வந்தால் சுவர்கள் வந்திருக்கும். சோறு வடிக்கிற நேரத்துக்கு யன்னல்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். படியில் ஏறு என்றால் திரை முழுக்க நீலமாகி அப்படியே நின்றுவிடும். இந்த வேகத்தில் நடந்தால் ஹாஜியார் மாடிக்குப் போய்ச் சேர ஹஜ்ஜுப் பெருநாளே வந்துவிடும்.

என்ன குறை என்பது லீலாவுக்குத் தெரியும். படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்ய இந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் இல்லை. ஒன்று வாங்கிப் போட்டால் சரி. அதைத் தானே போய் வாங்கி வந்திருக்கலாம். கணவரிடம் சொன்னதுதான் அவள் விட்ட பிழை.

மகேந்திரராசா கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வழங்கல் பிரிவுக்குப் பிரதம லிகிதர். முப்பது வருடமாக மூன்று விலைமனு இல்லாமல் ஒரு குண்டூசி அவரைத் தாண்டிப் போனதில்லை. அந்தப் பழக்கத்தை அவர் கந்தோரில் விட்டுவிட்டு வருகிறவர் இல்லை, வீட்டுக்கும் கொண்டு வருவார். முன்பொருமுறை பிரஷர் குக்கர் வாங்க மூன்று கடையில் விலை கேட்டு, கொப்பியில் கோடு கீறி ஒப்பிட்டு, மூன்று மாதம் கழித்து முடிவெடுத்துக் கடைக்குப் போனபோது அந்தக் குக்கர் செய்வதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். மனுசன் அதற்கும் கவலைப்படவில்லை. நடைமுறை சரியாக நடந்ததாம்.

அவர் மறுநாளே கொப்பியைத் திறந்தார். மூன்று கடைக்கு எழுத்தில் விபரம் கேட்டார். இரண்டு கடைக்காரர்கள் சிரித்துவிட்டு விலைப்பட்டியலை நீட்டினார்கள். மூன்றாவது கடை, கொழும்பு வீதிச் சந்துக்குள் இருந்த மர்சூக்கின் கடை. மர்சூக் மட்டும்தான் ஒரு கேள்வி கேட்டான்.

"சேர், உங்கட மெசின் கம்பனி மெசினா, நாங்க பூட்டிக் குடுத்ததா?"

"கம்பனி மெசின். பூட்டினபடியே வந்தது. சமாதான காலத்திலை வாங்கினது, ரெண்டாயிரத்தி அஞ்சிலை."

"அப்ப மூடியக் களட்டி உள்ளுக்குப் பாக்கோணும். கம்பனி மெசின்ல எடம் சரியான கொறவு. பவர் சப்ளையும் சின்னனாத்தான் ஈக்கும். பாக்காம எந்தக் கார்ட் சரிவரும் எண்டு சொல்லேலா."

"மூடி திறக்கேலாது."

"ஏன் சேர், திறப்புத் தொலைஞ்சு போச்சா?"

"சீல் இருக்கு" என்றார் மகேந்திரராசா.

உண்மைதான். பெட்டியின் பின்பக்கத்தில், மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில், பெருவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை உடைத்தால் வொறண்டி செல்லாது என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரராசா மூன்று வருடமாக அந்த ஸ்டிக்கரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். பெட்டியின் மற்றப் பக்கமெல்லாம் தூசி படிந்திருக்கும், அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

"வொறண்டி முடிஞ்சு நாலு மாசமாச்சு" என்றாள் லீலா, அன்று பின்னேரம்.

"வொறண்டி முடியலாம். சீல் முடியேல்லையே."

"அப்ப என்னெண்டு கார்டைப் போடப் போறியள்? திறப்பு ஓட்டைக்குள்ளாலையோ?"

அவர் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்தார். பெட்டியை வெளியிலிருந்து நெடுக, குறுக்க, உயர அளந்தார். பின்பக்கம் பதினாறு அங்குலம். மர்சூக்கிடம் இருப்பதிலே பெரிய கார்ட் ஒன்பது அங்குலம். "பாத்தீரே, அது உள்ளுக்குப் பாய் விரிச்சுப் படுக்கலாம்" என்று கொப்பியில் குறித்துக்கொண்டார். உடுப்புக்கு மேலால் அளவெடுத்து ஒருவரின் குடலின் நீளத்தைச் சொல்கிற வைத்தியரைப் போல இருந்தது அவர் முகம். லீலா தலையில் கையை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவளே உடைத்திருக்கலாம்தானே என்று தோன்றும். ஒருநாள் அவர் கந்தோருக்குப் போனபிறகு வெண்ணெய் பூசுகிற கத்தியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய் நின்றும் பார்த்தாள். கை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கலியாணம் செய்த புதிதில் மகேந்திரராசா ஒரு பெட்டியையும் மூடிவைக்க விடாத மனுசன். மணிக்கூடு, மின்விசிறி, அடுத்த வீட்டுக்காரரின் அயர்ன் பெட்டி எல்லாம் பேப்பரில் விரித்த திருகாணிகளாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கும். திரும்பப் பூட்டும்போது இரண்டு மூன்று மிஞ்சும், ஆனாலும் எப்படியோ ஓடும். தொண்ணூற்றாறில் ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் படையினர் வீட்டுக்குள் வந்தபோது, அந்த மேசையில் முதுகு திறந்தபடி ஒரு ரேடியோ கிடந்தது. வயரும் ஈயமும் தெரிய, தமிழ் வீட்டில், திறந்த ரேடியோ. என்ன செய்கிறாய், யாரோடு பேசுகிறாய், உள்ளே என்ன வைத்தாய் என்று கேட்டுக்கொண்டே அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் லீலா பொலிஸ் நிலையத்து வாசலில் நின்றாள். மூன்றாம் நாள் அவர் வெளியே வந்தார். அடிக்கவில்லை என்றார். அதற்கு மேலே அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

வந்தவுடன் செய்த முதல் வேலை, திருகாணிச் சாவி, குறடு, ஈயம் பற்றுகிற கோல் எல்லாவற்றையும் ஒரு சீலைப் பைக்குள் போட்டு யாருக்கோ கொடுத்ததுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதையும் திறப்பதில்லை. வாங்கினால் சீலோடு வாங்குவது, பில்லைக் கோவையில் போடுவது. செக்கிங் வந்தால் பில்லைக் காட்டலாம், சீலைக் காட்டலாம். உள்ளே நான் எதையும் வைக்கவில்லை, பாருங்கள், கை படாமல் இருக்கிறது. இந்தக் கணக்குத்தான் அவருடையது. மனுசனுடைய பயத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். லீலாவும் சிரிப்பாள். கத்தியை மட்டும் அவள் திரும்பக் கொண்டுபோய் லாச்சிக்குள் வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் கேள்விப்பத்திரம், அதாவது அவருடைய டெண்டர், முடிவாயிற்று. பெரிய கார்ட், பெரிய நினைவகம், பெரிய விசிறி. மூன்று விலைமனுவிலும் அதுவே தகுதியில் முதலாவதாம். மர்சூக்கிடம் வாங்கியும் வந்துவிட்டார். அதன் பெட்டியிலும் பிளாஸ்டிக் உறையும் சீலும் இருந்ததால் அதையும் திறக்கவில்லை. கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் கார்ட் பெட்டியை வைத்தார். இரண்டும் மூடியபடி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, பெண் பார்க்க வந்த இடத்தில் வாய் திறக்காத மாப்பிள்ளையும் பெண்ணும் மாதிரி.

புதன்கிழமை லீலா அழுதுவிட்டாள். அவள் இலகுவில் அழுகிற ஆள் இல்லை. "நாளையிண்டைக்கு ஹாஜியார் வந்து நிப்பார். நான் அவருக்குக் கூரையை மட்டும் காட்டுறதோ? இருபத்திரண்டு வருசம் ஆரோடையோ பேரிலை கீறினன். இது என்ர பேரிலை. இதை மட்டும் எனக்கு விடுங்கோவன்."

மகேந்திரராசா கொப்பியை மூடிவைத்தார். பிறகு ஒரு வழி சொன்னார். பெட்டியை மர்சூக்கின் கடைக்குக் கொண்டுபோவோம். மர்சூக் சீலை உடைக்கட்டும். உடைத்தவன் தான்தான் என்று திகதி போட்டு, ரப்பர் முத்திரை குத்தி ஒரு கடிதம் தரட்டும். லீலாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் முடிந்திருக்கவில்லை. இரண்டையும் அடக்கிக்கொண்டு, சரி என்றாள்.

வியாழக்கிழமை காலை ராஜலிங்கத்தின் த்ரீவீலர் வந்தது. ராஜலிங்கம் கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கண்டிக்கு வந்தவன், மகியாவையில் இருக்கிறான். கொம்பியூட்டரை ஒரு பெட்சீற்றால் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு மகேந்திரராசா ஏறினார். லீலா கார்ட் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய சட்டைப் பையில் கொம்பியூட்டர் பில், கார்ட் பில், அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு என்று எல்லாம் ஒழுங்கில் இருந்தன.

பாலத்தடியில் செக்பொயின்ற். வழக்கமாக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இன்று பெட்சீற் மூட்டையைக் கண்டதும் ஓர் இளம் சிப்பாய் கையைக் காட்டினான். முகத்தில் பரு இன்னும் மாறாத பையன்.

"மொகத்த மே?" என்ன இது என்று கேட்டான்.

மகேந்திரராசா இறங்கினார். சுத்தமான கந்தோர்ச் சிங்களத்தில், இது கொம்பியூட்டர் என்றார். பில்லைக் காட்டினார். பெட்சீற்றை விலக்கிப் பின்பக்கத்தைத் திருப்பி, சீலைக் காட்டினார். பன்னிரண்டு வருடமாக அவர் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் சீல்களைக் காத்துவந்தார் என்று லீலாவுக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியதை ஒப்பிப்பதுபோல, சீல் உடையவில்லை, ஆகவே உள்ளே யாரும் எதையும் வைத்திருக்க முடியாது என்று விளக்கினார்.

சிப்பாய் பொறுமையாகக் கேட்டான். சீலை ஒருதடவை பார்த்தான். பிறகு, "ஹரி மாத்தயா. அரின்ன" என்றான். சரி ஐயா, திறவுங்கள்.

அவ்வளவுதான். அதட்டக்கூட இல்லை.

"சார், நம்மகிட்ட ஸ்க்ரூ டிரைவர் இருக்கு" என்று ராஜலிங்கம் இருக்கைக்குக் கீழே துழாவி எடுத்து நீட்டினான்.

மகேந்திரராசா அதை வாங்கினார். த்ரீவீலரின் இருக்கையிலேயே பெட்டியை வைத்து, இரண்டு திருகாணியைக் கழற்றி, பெருவிரலால் மூடியைத் தள்ளினார். வெள்ளி ஸ்டிக்கர் நடுவால் கிழிந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் பிடித்திருக்காது. விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை என்பதை லீலா கண்டாள்.

சிப்பாய் குனிந்து பார்த்தான். தூசியும் வயரும்தான். "ஹரி, யன்ன", சரி, போங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டப் போய்விட்டான்.

வண்டி பாலத்தில் ஏறியது. மடியில் பெட்டி திறந்தபடி இருந்தது. மகேந்திரராசா அதற்குள்ளே பார்த்தார். லீலாவும் பார்த்தாள். கார்ட் படுக்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருந்தது. மிஞ்சிய இடம் ஏழு அங்குலமும் இராது. பவர் சப்ளை ஒரு பிஸ்கட் டின் அளவு. பெரிய கார்டுக்குத் தனியாக வேண்டிய மின் வயர் அதிலிருந்து வெளியே வரவே இல்லை.

"பாய் விரிக்கக் கொஞ்சம் கஷ்டம்தான்" என்றாள் லீலா.

அவர் சட்டைப் பையிலிருந்த கார்ட் பில்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மர்சூக் திறந்த பெட்டியைக் கண்டதும் வாய்விட்டே சிரித்துவிட்டான். "சீலுக்கு என்ன நடந்த சேர்?" என்று கேட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, அவன் தன் விலைமனுவில் எழுதி இவர் தகுதியில்லை என்று தள்ளிவைத்த சின்னக் கார்டை எடுத்தான். உள்ளங்கை அளவு. விசிறியே இல்லை. இருக்கிற மின்சாரத்திலேயே ஓடும், கேம் விளையாடுகிற பிள்ளைகளுக்குப் போதாது, ஒரு வீட்டைத் திருப்பிப் பார்க்கத் தாராளமாகப் போதும். பெரிய கார்டின் உறை பிரிக்காமல் இருந்ததால் மர்சூக் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தான். மகேந்திரராசாவின் நடைமுறைக்கு அன்று கிடைத்த ஒரே வெற்றி அது. லீலா அதை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

பின்னேரம் வீட்டு முன்னறையில் ஹாஜியாரின் வீடு சுழன்றது. கூரையும் சுவரும் யன்னலும் ஒன்றாகவே வந்தன. வாசலால் போனால் உள்ளே போனது. படியில் ஏறினால் ஏறியது. லீலா பல்கனியில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து சந்தோசத்தில் இன்னொருதடவை ஏறினாள். மகேந்திரராசா இரண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். காலையிலிருந்து சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தது.

"நான் ரெண்டு கிழமையாக் கேட்டன். அழுதும் கேட்டன். அந்தப் பொடியன் ஒருக்காச் சொன்னவன்."

"ஓம்" என்றார் அவர்.

"ஓமோ? அவ்வளவுதானோ?"

மகேந்திரராசா கோப்பையைக் கீழே வைத்தார். "உமக்கு ஏலாது எண்டு சொல்லலாம், லீலா. அவனுக்குச் சொல்லேலுமே? கந்தோரிலை பெரியவருக்குச் சொல்லேலுமே? பொலிசுக்கு, வீட்டுக்காரனுக்கு, ஆருக்குச் சொல்லேலும்? இந்த ஊரிலை நான் ஏலாது எண்டு சொல்லக்கூடிய ஆள் நீர் ஒராள்தான்."

கோபப்படத் தயாராக இருந்த லீலாவுக்குக் கோபம் வரவில்லை. மனம் நொந்துபோயிற்று. அவளுக்குப் பழைய ஏலாதுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. முன்னறைக்கு வேறு நிறத்தில் பெயின்ற் அடிக்க ஏலாது, நுவரெலியாவுக்கு ஒருநாள் போய்வர ஏலாது, வேலையை விட ஏலாது. அந்தக் கடைசியை அவள் மீறித்தான் விட்டாள். ஊர் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதை மனுசன் இத்தனை வருடமாகத் தன் ஒருத்தியின் தலையிலேயே கொட்டியிருக்கிறார். அவரை நினைக்கப் பாவமாகவும் இருந்தது, தன்னை நினைக்க அதைவிடப் பாவமாகவும் இருந்தது.

"அப்ப இனி அதிலை பாதியை வெளியிலை கொண்டுபோய்க் குடுங்கோ. எனக்கு இடமில்லை" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்குப் பளீல் ஹாஜியார் வந்தார். அத்தர் மணம் முன்னாலும் அவர் பின்னாலுமாக வந்து கதிரையில் அமர்ந்தார். திரையில் வாசல் திறந்ததும் மேசைக்குக் கீழே மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். லீலா அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். ஹாஜியார் குசினிக்குப் போனார், தன் உம்மாவின் அறைக்குப் போனார், மாடிக்கு மூன்று தடவை ஏறி இறங்கினார். "மாஷா அல்லாஹ். மிஸ், இது எங்கட ஊடுதான்" என்றார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

பிறகு கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாபாரியாக மாறினார். "ஒரு சின்ன விசயம் மிஸ். மேல இன்னொரு தட்டுப் போட்டா எப்படி ஈக்கும் எண்டும் பாக்கோணும். நாளைக்குக் காலையில ஊடு கட்டுற பாஸ் வாறார். அதுக்குள்ள செஞ்சு தாங்க. ஏலாட்டி அந்தக் கம்பனியில..."

இரண்டு கிழமையாகச் சரியான நித்திரை இல்லாத லீலா, சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

"ஏலாது, ஹாஜியார்."

குரல் பின்னாலிருந்து வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கதவடியில் நின்றுகொண்டிருந்தார் மகேந்திரராசா. ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். லீலா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். முழு வீடும் அந்த ஒரு சொல்லில் போகப்போகிறது என்று நினைத்தாள்.

"ஏலாதா?"

"ஏலாது. திங்கக்கிழமை ஏலும்."

ஹாஜியார் அவரைப் பார்த்தார், லீலாவைப் பார்த்தார், திரையில் நின்ற தன் பல்கனியைப் பார்த்தார். காலால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "சரி, சரி. அப்ப திங்கக்கிழம. பாஸ பொறகு வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

அவருடைய கார் வீதியில் ஏறும் வரைக்கும் மகேந்திரராசா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு வந்து, ஹாஜியார் இருந்த கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"கோவிச்சிருந்தால் உம்மட வேலை போயிருக்கும்" என்றார், இப்போதுதான் யோசனை வந்தவர்போல.

"போயிருக்கும்" என்றாள் லீலா. "என்ர வேலையிலை என்னைக் கேக்காமல் ஏன் சொன்னனீங்கள்?"

அவர் தன் கையைப் பார்த்தார். "நடுங்குது."

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தமுறை என்னைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ" என்றாள். "ஆனால் சொல்லுங்கோ."